அவள் சொல்லாத புலம்பல்

கஞ்சிராவைத் தூக்கிக்கொண்டு கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில் நான் வந்து நின்றால் ஆட்கள் கேட்கும் முதற் கேள்வி, "ஆர் செத்தது?" என்பதுதான். சுகமா என்று கேட்க மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள். ஆரம்பத்தில் அது எனக்குப் பெருமையாக இருந்தது, பிறகு பழகிப்போனது, அதற்கும் பிறகு எரிச்சலாகிவிட்டது. இதை எழுதும்போதும் எரிச்சல்தான் வருகிறது.

என் தொழில் சிந்து கட்டிப் பாடுவது. ரயிலில் அடிபட்டவன், கிணற்றில் குதித்தவள், களனி கங்கை பெருகிக் கொண்டுபோன குடும்பம், கள்ளுத் தவறணையில் கத்திக்குத்து என்று எது நடந்தாலும் இரண்டு நாளில் பாட்டாக்கிவிடுவேன். ஒற்றைத் தாளில் அச்சடித்து, எட்டாக மடித்து, சந்தி சந்தியாக நின்று பாடி விற்பேன். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. பெரிய யுத்தம் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கும், வெள்ளவத்தை ஆலையில் நூல் முடிகிறவளுக்கும் நான்தான் பேப்பர். பொரளைச் சந்தியில் சிங்களக் கவிக்காரர் ஒருவர் றபான் என்ற தட்டுமேளத்தோடு நிற்பார். தன் பாட்டு முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மல்லி, தென் ஒயா", தம்பி, இனி நீ, என்று எனக்கு இடம் விடுவார். அவருடைய ஆட்களில் பாதிப் பேர் எனக்கும் நிற்பார்கள். அழுவதற்குப் பாஷை தேவையில்லை என்று நினைத்தார்களோ, வெறும் வேடிக்கையோ, தெரியாது.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது. நான் கடவுள் வாழ்த்துப் பாடுவதில்லை. மற்றச் சிந்துக்காரர்கள் பிள்ளையாரிலோ மாதாவிலோ தொடங்கி, வெள்ளைக்கார ராசாவையும் வாழ்த்தி, ஆட்கள் கலைந்துபோன பிறகு விஷயத்துக்கு வருவார்கள். நான் முதல் அடியிலேயே சாவை வைத்துவிடுவேன். என் குரல் நல்ல குரல் அல்ல. மேலே போனால் கிழியும். அது எங்கே கிழியும் என்று எனக்குத் தெரியும், அதனால் கிழிகிற இடத்தில் புலம்பலை வைப்பேன். புலம்பல் என்பது செத்தவனுடைய மனைவி தன் வாயாலேயே அழுவதுபோலப் பாடுகிற பகுதி. சிந்துக்கு அதுதான் உயிர். அந்த இடத்தில் கஞ்சிராவை நிறுத்திவிடுவேன், வெறும் குரல்தான். பெண்கள் முந்தானையை எடுப்பார்கள், எடுத்த கையோடு தாளும் வாங்குவார்கள். புலம்பல் இல்லாத சிந்தை ஆம்பிளைகள் சிரித்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

செத்த வீட்டுக்கு நேரே போய் விசாரிப்பதும் என் வழக்கம். ஓரமாகக் குந்தியிருந்து, ஆள் கடைசியாக என்ன சாப்பிட்டான், என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று கேட்பேன். அடி வாங்காமல் திரும்பியதே பெரிய காரியம். கேட்டதெல்லாம் பாட்டில் வராது. செத்தவனின் குறைகளைத் தவிர்த்துவிடுவேன். என் பாட்டில் குடிகாரன் செத்ததில்லை, பெண்டாட்டியை அடிக்கிறவன் செத்ததில்லை, எல்லாரும் தங்கமானவர்கள்தான்.

வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர் தவறாமல் தாள் வாங்குவார். அடுத்த முறை போகும்போது அதில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தருவார். "தளை தட்டுது காணும். யாப்புப் படிச்சனீரோ?" என்று கேட்பார். "செத்தவனுக்குத் தட்டேல்ல ஐயா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அடுத்த தாளும் வாங்கினார். பத்து வருடத்தில் என் பாட்டை இரண்டாம் தரம் வாசித்த மனிதர் அவர் ஒருவர்தான். அவரும் பிழை பிடிக்கத்தான் வாசித்தார்.

மற்றப்படி நான் தனி. நான் குடியிருந்த தோட்டத்தில், கொழும்பில் வரிசை வீடுகளை அப்படித்தான் சொல்வார்கள், பதினொரு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்தன, ஒரே தண்ணீர்க் குழாய். அந்த வரிசையில் ஒரு கலியாணம் என்றால் வெற்றிலைத் தட்டு என் கதவைத் தாண்டித்தான் அடுத்த கதவுக்குப் போகும். கோபமில்லை அவர்களுக்கு, பயம். சாவு பாடுகிற வாய் மணவறையில் சாப்பிடக் கூடாதாம். எனக்குப் பெண் கேட்டுப் போனவர்களிடம் ஒரு தகப்பன், "மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா என்ர மகள் செத்தா பாட்டுக் கட்டி வித்துப்போடுவார்" என்றாராம். முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு யாரும் எனக்காகக் கேட்டுப் போகவில்லை.

ஒரு தை மாதம் பக்கத்து மீன்பிடி ஊரான முகத்துவாரத்திலிருந்து மூன்று பேர் பாய் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். வாடைக்காற்றுக் காலம், நல்ல மீன் படும். இரண்டாம் நாள் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று கண்டபடி பலத்துவிட்டது. நான்காம் நாள் ஒரு உடல் ஒதுங்கியது, ஐந்தாம் நாள் இன்னொன்று. முதலாவது கிழவர், பெண்சாதியைப் புதைத்துப் பல வருடமானவர். இரண்டாவது அவருடைய அக்கா மகன், கலியாணம் கட்டாத பையன். மூன்றாமவனும் வள்ளமும் வரவில்லை.

என் இக்கட்டு உங்களுக்குப் புரிகிறதா? கிழவருக்கு மனைவி இல்லை, பையனுக்கும் இல்லை. மூவரில் மனைவி உள்ளவன் அந்த மூன்றாமவன் ஒருவன்தான். அவன் சாகாவிட்டால் புலம்ப ஆளில்லை. புலம்ப ஆளில்லாவிட்டால் சிந்து இல்லை.

அவளுடைய வீட்டுக்குப் போனேன். கடற்கரையை ஒட்டிய ஓலை வீடு. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. வாசலில் குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அழுத கண் அல்ல அது.

"நீங்க ஆரெண்டு தெரியும். இங்க ஒருத்தரும் சாகல்ல. ரெண்டு வீடு தள்ளிப் போங்க."

"தங்கச்சி, ஆள் கடைசியா என்ன சொல்லிப்போட்டுப் போனார்?"

"கறிக்குப் புளி காணாதெண்டு சண்டை பிடிச்சுப்போட்டுப் போனவர். வந்து மிச்சச் சண்டை பிடிப்பார். எழும்புங்க."

எழும்பினேன். புளிச் சண்டை புலம்பலுக்கு உதவாது. கொட்டாஞ்சேனைக்கு நடந்து வருகிற வழியிலேயே எனக்கு முதல் அடி வந்துவிட்டது.

மூவர் போனார் கடலுக்கு — மூவரும்
மூச்சை விட்டார் அலைகளுக்கு

அந்த "மூ" மூன்று தரம் வந்து விழுகிறதே, அதை விட மனம் வரவில்லை. கஞ்சிராவில் அடி விழ அவ்வளவு தோதான எழுத்து. ஐந்து நாளாக வராதவன் இனி வரவா போகிறான் என்று என்னையே நான் தேற்றிக்கொண்டேன். பிறகு அவளுக்காக ஒரு புலம்பல் கட்டினேன்.

சுண்டரிசி உலையிலிட்டு — நான்
தொண்டைக்குள்ளே அழுகிறேனே
உண்டெழும்ப நீயில்லாமல் — இந்த
உப்புக்காற்றைத் தின்னுறேனே

என் வாழ்நாளில் நான் கட்டியவற்றில் அதுதான் நல்ல நாலடி. கிளாக்கர் ஐயாவே அதில் கோடு போடவில்லை. இரண்டு முறை அச்சடித்தும் தாள் போதவில்லை. பொரளைக் கவிக்காரர் அதைச் சிங்களத்தில் போட்டுப் பாட என்னிடம் உத்தரவு கேட்டார். குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு அதைப் பாடினார்கள். என்னோடு கதைக்காத பெண்கள்தான். பாட்டோடு மட்டும் அவர்களுக்குப் பகையில்லை.

ஒரு சனிக்கிழமை முகத்துவாரச் சந்தியில் நல்ல கூட்டம். புலம்பலுக்கு வந்து கஞ்சிராவை நிறுத்தினேன். முதல் இரண்டடி பாடிய பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"இது நான் சொல்லல்ல."

தலையில் மீன் கூடையோடு அவள் நின்றாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அவர்கள் விலகிய விதத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது, அது விதவைக்கு விலகுகிற விலகல்.

"நான் அழல்ல. நான் உலை வைக்கல்ல. இப்பிடி ஒரு சொல்லு என்ர வாயால வரல்ல. நீங்க பாடினபிறகு தண்ணிக்குப் போனா எல்லாரும் வாய மூடுறாங்க. கலியாண வீட்டுக்குச் சொல்ல வந்தவங்க வாசலோட திரும்பிப் போறாங்க. அவரோட அண்ணன் கறுப்புச் சீலை வாங்கிவந்து வச்சிருக்கிறார். நான் உடுத்தா என்ர மனுசன் செத்துப்போவார். பாட்டில போட்டது நீங்கதானே? நீங்களே எடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. சபையில் என் பாட்டை ஒருவர் நிறுத்தினால் எனக்கு இன்றும் கோபம் வரும். "பாடின பாட்டை எடுக்க ஏலாது, தங்கச்சி. அது சந்தைக்குப் போன சாமான்" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிறகு கூடையோடு போய்விட்டாள். மிச்ச இரண்டடியை நான் பாடினேன், குரல் சரியான இடத்தில் கிழிந்தது. அன்றைக்கு வழமையை விடக் கூடுதலாகத் தாள் போனது. வீடு திரும்பி இரவு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். திட்டத் திட்ட, அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்பதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவளைத் தேடி நானே போனேன். எடுக்க ஏலாது, ஆனால் இன்னொன்று கட்டலாம் என்றேன். ஆள் உயிரோடு இருப்பதாக ஒரு பாட்டு. அவள் கத்தியைக் கீழே வைக்காமல், "கட்டுங்க" என்றாள்.

கட்ட முடியவில்லை. பத்து வருடம் சிந்து பாடியவன், ஒரு அடி வரவில்லை எனக்கு. வீரன் என்றேன், கடலை வென்றவன் என்றேன், தங்கமானவன் என்றேன். எதைப் பாடினாலும் பிரேதம்தான் வந்தது. அவள் கேட்டுவிட்டு, "இது அவர் இல்ல அண்ணே, இது ஆரோ செத்த ஆள்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறையில்லாத ஆளாகப் பாடிப் பாடியே என் பாட்டில் எல்லாரையும் நான் சாகடித்துப் பழகியிருக்கிறேன். ஒருவனை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் அவனுடைய குறைகள் வேண்டும்.

"அவர்ட்ட என்ன குறை?"

முதல் முறையாக அவள் சிரித்தாள். "எதிலிருந்து தொடங்க?"

அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து ஊர் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் நான் போய் இருப்பேன். அவள் மீன் வெட்டுவாள். நான் போன கிழமை கட்டியதைப் பாடுவேன், அவள் அடுத்த குறையைச் சொல்வாள். சோறு சற்று வேகாவிட்டால் கோப்பையைத் தள்ளுவான். சுருட்டை எங்கேயோ வைத்துவிட்டு ஊரையே திட்டுவான். யாராவது புத்தி சொன்னால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான்.

எந்தக் கரையில் குந்திருந்து — அவன்
என்ன குறை சொல்லுறானோ
வெந்த சோறு வேகலையென்று — அங்கும்
வீண்சண்டை போடுறானோ

இதில் கிழிகிற இடமே கிடையாது. குரலை மேலே கொண்டு போகத் தேவையில்லாத மெட்டு. கஞ்சிராவை விரல் நுனியால் தட்டினாலே போதும். நான் அப்படிப் பாடக் கூடியவன் என்று அதுவரை எனக்கே தெரியாது. அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி வாசித்துவிட்டு, "இதில ஆர் செத்தது?" என்றார். ஒருவரும் சாகவில்லை என்றேன். "அப்ப ஆர் வாங்குவான்?" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் ஒருநாள் பாடிப் பார்த்தேன். "மூவரைப் பாடு, மூவரைப் பாடு" என்று கத்தினார்கள். இதற்கு இருந்த சபை அவள் ஒருத்திதான்.

பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிறு அவனுடைய அண்ணன் கோயிலில் இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தான். ஊரே கறுப்பு உடுத்திக்கொண்டு போனது. காலையிலேயே என்னைக் கரைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தாள். போனபோது பச்சைச் சேலை உடுத்து, மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கோயில் மணி அடித்தது. உப்புத் தடவிய மீனையே எடுத்து அவள் திரும்பவும் தடவினாள்.

"பாடுங்க அண்ணே. மணி நிக்குமட்டும் பாடுங்க."

பாடினேன். மணி நின்ற பிறகும் பாடினேன். அவள் அழவில்லை. அவள் அழாமல் இருப்பதற்காக நான் பாடிக்கொண்டிருந்தேன். பூசை முடிந்து வந்தவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அன்றைக்கு அவர்கள் மூடிக்கொண்டு போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு அவள்மேல் விருப்பம் வந்துவிட்டது. கிழமையில் ஆறு நாளும் ஞாயிறுக்காக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி என்னிடம் "ஆர் செத்தது" என்று கேட்கவில்லை, "என்ன கட்டினீங்க" என்று கேட்டாள். அண்ணே என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு எரிந்தது. அவளுக்காக அவனை உயிரோடு வைத்துப் பாடிக்கொண்டே, அவன் வரக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைக்க நினைக்கப் பாட்டும் நன்றாக வந்தது. அதை எப்படிச் சொல்லி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எனக்கு ஒரு சாடைகூடக் காட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவனை.

ஆவணியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடங்கத் தொடங்க, மாலைதீவுக்காரர்களின் ஓடங்கள் மாசிக் கருவாட்டோடு துறைமுகத்துக்கு வந்தன. வருடா வருடம் வருகிறவைதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் பாட்டுக்குச் செய்தி கொண்டு வருகிற துறைமுகத் தொழிலாளி ஒருவன் ஓடி வந்தான்.

"அண்ணே, உங்கட மூவரில ஒருத்தன் வந்து இறங்கியிருக்கிறான்!"

வள்ளம் கவிழ்ந்து, மற்ற இருவரும் போய்விட, இவன் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். வாடைக்காற்றில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மாலைதீவு ஓடம் ஒன்று தூக்கியெடுத்திருக்கிறது. காற்றுக்கு எதிரே கொழும்புக்குத் திரும்ப முடியாது, தங்கள் தீவுக்கே கொண்டு போய்விட்டார்கள். காற்று மாறி ஓடங்கள் புறப்படும்வரை அங்கே கிடந்திருக்கிறான். சுங்கத்தில் விசாரிக்கிறார்கள், பின்னேரம்தான் விடுவார்கள் என்றான் தொழிலாளி. "நான் வேலையை விட்டுட்டுப் போக ஏலாது. நீங்க ஓடிப்போய்ச் சொல்லுங்க."

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் அரை மணி நேர நடை. ஏழு மாதம் அவள் காத்திருந்த சொல் என் வாயில் இருந்தது. நான் போகவில்லை. கோட்டை ஸ்டேசனுக்குப் போய் ரயில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்கினேன். தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் ஆலை வாசலுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். "மூவரைப் பாடு" என்றார்கள்.

பாடினேன். ஆள் உயிரோடு வந்து இறங்கியது தெரிந்தே, மூவரும் மூச்சை விட்டார் என்று பாடினேன். தை மாதம் பாடியது அவசரம், தொழில், எழுத்தாசை என்று எதையாவது சொல்லலாம். இதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை பாடிய அந்தப் புலம்பலில் அன்றுதான் எனக்கே அழுகை வந்தது. ஆலைப் பெண்கள், "பாவம், எவ்வளவு உருகிப் பாடுறார்" என்றார்கள்.

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. அந்த ஞாயிறு கரைக்கு நான் போகவுமில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவனே என் கதவுக்கு வந்தான். கறுத்து, வற்றி, என்னைவிடக் குள்ளமாக இருந்தான். கையில் ஓலையில் கோத்த இரண்டு பாரை மீன். அடிக்க வந்தவன் மீனோடு வரமாட்டான் என்று கொஞ்சம் தைரியமாக இருந்தேன்.

"நீங்கதானே என்னைச் சாகடிச்ச பாட்டுக்காரர்?"

"ஓம்."

"எல்லாரும் பாடிக் காட்டுறாங்க. அரையும் குறையுமா இருக்குது. நீங்க முழுக்கப் பாடுங்க, கேப்பம்."

கட்டிலில் இருக்கச் சொன்னேன், அவன் நிலத்தில் இருந்தான். கஞ்சிராவை எடுத்தேன். தன்னுடைய சாவை அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். காற்று அடித்த இடத்தில், "சரி, அப்பிடித்தான் அடிச்சது" என்றான். புலம்பல் வந்தது. முதல் இரண்டடியில் தலை ஆடவில்லை. உப்புக்காற்றைத் தின்னுறேனே என்ற இடத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். நிறுத்தினேன்.

"இதெல்லாம் அவள் சொன்னதா?" என்று கேட்டான்.

கஞ்சிராவைக் கீழே வைத்தேன்.

"அவள் வெளியில ஒண்டும் காட்ட மாட்டா. நான் வந்து நிக்கக்க கூட அழல்ல. உலைய வையுங்க எண்டு ஆருக்கோ சொல்லிட்டு மீனை வெட்டினா. அங்க தீவில கிடக்கக்க ஒவ்வொரு நாளும் நினைச்சன், எனக்காக ஒரு சொட்டாவது அழுதிருப்பாளோ எண்டு. அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இது அவள்ர வாய்ச் சொல்லுத்தானே?"

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் அழவில்லை. கறுப்பு உடுத்தவில்லை. ஊரெல்லாம் உனக்குப் பூசை வைத்தபோது ஒருத்தியாக உட்கார்ந்து உன் குறைகளை எண்ணி எண்ணி உன்னை உயிரோடு வைத்திருந்தாள். எங்கே, யாரோடு என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமைகளில், கரையில், என்னோடு என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு போன ஊர் அதன் பிறகு திறக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஞாயிறுகளை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓம்" என்றேன். "அவ சொன்னதுதான். நான் பாட்டாக்கினது மட்டும்."

அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். மீனைப் புளி விட்டுச் சமைக்கச் சொன்னான், எவ்வளவு புளி என்றும் சொன்னான். அவன் போன பிறகு அதைச் சமைக்கவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூவர் பாட்டை நான் பாடவில்லை. முகத்துவாரத்துக்கும் போகவில்லை. கார்த்திகை மழைக்குள் ஒருநாள் கொட்டாஞ்சேனைச் சந்தையில் அவளை எதிரே கண்டேன். தலையில் கூடை, நனையாமல் இருக்க மேலே ஒரு சாக்கு. இருவரும் நின்றுவிட்டோம். பேசினால் அவள்தான் முதலில் பேசுவாள் என்று தெரியும்.

"ஏன் ஓமெண்டு சொன்னீங்க?"

"அழுதார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் சாக்கைச் சரிப்படுத்தினாள். "எனக்கிட்டயும் வந்து கேட்டார். நீ சொன்னதுதானே எண்டு. முகத்தைப் பாத்தன்." குரல் தணிந்தது. "நானும் ஓமெண்டு சொல்லிட்டன், அண்ணே."

அவள் சந்தைக்குள் போனாள். மழை விடும்வரை நான் ஒரு கடை ஓரத்தில் நின்றேன். பிறகு பொரளைக்குப் போனேன், அங்கே யாரோ கிணற்றில் விழுந்திருந்தார்கள்.